பெருமாள் தண்ணீரில் குட்டி மீன்

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு சாயங்காலம். பால்கனியில் நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் 'டுர்ர்ர்ர்...' என்று சத்தம்.

கொசுப் புகை மெஷின்!

அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் போதும், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குத் திருவிழா வந்த மாதிரிதான். ட்யூஷனில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்கூட எப்படியோ வெளியே வந்துவிடுவார்கள். வெள்ளைப் புகைக்குள் ஓடி மறைவதும், "நான் எங்க இருக்கேன்... கண்டுபிடி பாக்கலாம்!" என்று கத்துவதும்... ஒரே கூத்து!

மெஷினைத் தோளில் மாட்டியிருப்பவர் முகத்தில் துணி கட்டியிருப்பார். "தள்ளிப் போங்க தம்பி... பாப்பா, வீட்டுக்குள்ள போம்மா..." என்று கையை ஆட்டிக்கொண்டேதான் நடப்பார். யார் கேட்கிறார்கள்?

பிள்ளைகளைச் சொல்வானேன்? எங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரே — ரயில்வேயில் ரிடையர் ஆனவர், உலக விஷயம் அத்தனையும் அலசுவார் — பனியனோடு கேட் அருகே போய் நின்றுகொள்வார். "உள்ள வாங்களேன்" என்றால், "இரு இரு... மேல கொஞ்சம் படட்டும். ராத்திரி ஒரு கொசு கிட்ட வராது" என்பார். கொசுவுக்கு அடிக்கும் மருந்தைத் தனக்கு அடித்துக்கொள்ளும் மனிதரை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

யோசித்துப் பார்த்தால் அவரையும் குறை சொல்ல முடியாது. நமக்குப் புகை என்றாலே ஒரு மரியாதை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி. திருஷ்டி கழித்தால் மிளகாய்ப் புகை. புகையில் காட்டி எடுத்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று சின்ன வயதிலிருந்து மனதில் பதிந்துபோயிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, டீசல் வாடையோடு வருகிற இந்தப் புகைக்கும் ஜன்னலை அகலத் திறந்து வைக்கிறோம்.

அன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைகள் ஓடினார்கள். பெரியவர்கள் நாங்கள் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் யாழினியும் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

யாழினி எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டுக் குழந்தை. ஒன்றாம் வகுப்பு. அம்மா செல்வி, முசிறிக்காரப் பெண், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அப்பாவுக்குத் துவாக்குடியில் ஃபேக்டரி, ஷிஃப்ட் மாறி மாறி வரும். ஸ்கூல் விட்டு வந்ததிலிருந்து செல்வி வரும்வரை யாழினி எங்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து. எங்கள் வீட்டில் பிஸ்கட், பால். இரண்டாவது மாடி வைதேகி மாமி வீட்டில் புளியோதரை. இந்த இரண்டுக்கும் நடுவே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள்.

அவளுக்கு வீசிங் உண்டு. மழைக்காலம் வந்தால் நெஞ்சில் 'கீ... கீ...' என்று விசில் கேட்கும். செல்வி வேலையிலிருந்து வந்ததும் ஹேண்ட்பேக்கைக்கூடக் கழற்ற மாட்டாள். முதல் காரியமாகக் குழந்தையைத் திருப்பி நிறுத்தி முதுகில் காதை வைத்துக் கேட்பாள். "ஒண்ணும் கேக்கல" என்று அவள் சொன்னால்தான் அந்த வீட்டில் காபிக்கே அடுப்பு பற்றும்.

அன்றைக்குக் காதை வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. செல்வி உள்ளே நுழையும்போதே சத்தம் வாசலுக்குக் கேட்டது. குழந்தையின் தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. பேச வாயைத் திறந்தால் பாதி வார்த்தைதான் வந்தது.

ஆட்டோ பிடித்து ஓடினோம். செல்வியின் மடியில் குழந்தை, பக்கத்தில் நான். காவேரிப் பாலத்தில் டிராஃபிக்... அந்தப் பாலத்தை அவ்வளவு நீளமாக நான் என்றுமே பார்த்ததில்லை. செல்வி அழவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, "இந்தா வந்தாச்சு... இந்தா வந்தாச்சுடா தங்கம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

க்ளினிக்கில் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நல்ல புகை, கெட்ட புகை இரண்டும் பார்க்க ஒரே வெள்ளைதான் என்று அப்போது தோன்றியது. கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் தோள் அடங்கியது. மாஸ்க்கை எடுத்ததும் என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ஆன்ட்டி... நான் ஜெயிச்சிட்டேன். புகைக்குள்ள... கடைசி வரைக்கும் நான்தான் நின்னேன். என்னை யாருமே கண்டுபிடிக்கல."

அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டேன். ஆமாம் கண்ணே... யாருமே கண்டுபிடிக்கவில்லை.

டாக்டர் பொறுமையானவர். "புகை அடிக்கிறது கொசுவுக்காகத்தான், தப்பில்ல. டெங்கு வந்தா அதுவும் லேசுப்பட்டதில்ல. ஆனா இந்த மாதிரி குழந்தைங்களை அந்த நேரத்துல வெளிய விடாதீங்க. கதவு ஜன்னலை மூடுங்க, வாடை போனதும் திறங்க. சாப்பாட்டையும் தண்ணியையும் மூடி வைங்க" என்றார். இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? எல்லாம் தெரிந்ததுதான். தெரிந்துகொண்டே வேடிக்கை பார்த்தோம்.

மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கப் போனேன். படிக்கட்டில் செல்வியும் வைதேகி மாமியும் எதிரும் புதிருமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

வைதேகி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி என்றதும் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்தைந்துகூட இருக்காது. ஜங்ஷன் பக்கம் ஆபீஸ். ஸ்கூட்டியில் பறப்பார். எங்கள் தெருவுக்குப் புகை மெஷின் வருகிறது என்றால் அதற்கு முக்கியக் காரணம் மாமிதான். மழை பெய்து நின்றால் உடனே போன் போட்டுவிடுவார். கையில் எப்போதும் கொசு பேட். ஆபீஸ் பையிலும் ஒன்று வைத்திருக்கிறார் என்று கேள்வி!

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. போன வருடம் மாமியின் ஒரே பையன் ஸ்ரீனிக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் தினமும் ரத்தம் எடுப்பார்கள். ரிசல்ட் வரும்வரை மாமி அந்த லேப் கதவைப் பார்த்தபடியே நிற்பார். பையன் பிழைத்து வந்தான். மாமிக்குத்தான் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

"மாமி, நம்ம தெருவுக்கு இனிமே புகை வேணாம்னு சொல்லிருங்க. எம் புள்ளைக்கு ஆக மாட்டேங்குது" என்றாள் செல்வி.

"நீ சொல்றது புரியறது செல்வி. ஆனா புகை அடிக்கலேன்னா கொசு சும்மா இருக்குமா? போன வருஷம் ஸ்ரீனியை வெச்சுண்டு நான் பட்டது உனக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? நான்தான் டெய்லி கஞ்சி கொண்டாந்து குடுத்தேன்."

"அப்புறமும் வேண்டாங்கறியே!"

"மூச்சுக்குத் தவிக்கிறத ஒரு தடவ கண்ணால பாத்திருந்தீங்கன்னா நீங்க இப்படிப் பேச மாட்டீங்க மாமி."

"ப்ளேட்லெட் எறங்கிண்டே போறதை நீ பார்த்திருந்தா நீயும் இப்படிப் பேச மாட்டே."

நான் நடுவில் பால் பாக்கெட்டோடு நின்றேன். சாதாரணமாக எதற்கும் தீர்ப்பு சொல்லிவிடுகிற ஆள் நான். என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். அன்றைக்கு யார் பக்கம் பேசுவது? இவள் சொல்வது நியாயம். அவர் சொல்வதும் நியாயம். இரண்டு பேரும் ஒரே மாதிரி பயந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் என்ன? எல்லாச் சண்டையும் போகிற இடத்துக்கே இதுவும் போயிற்று — அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு!

'புகையால் ஆயுள் குறையும்' என்று ஒருவர் எங்கிருந்தோ ஃபார்வர்ட் செய்தார். 'புகை இல்லாவிட்டால் ஊரே காலி' என்று இன்னொருவர் வேறு எங்கிருந்தோ. வேப்பிலைப் புகை போதும் என்றார் ஒருவர். முதல் மாடிக்காரர் வழக்கம்போல 'காலை வணக்கம்' என்று ரோஜாப்பூ படம் போட்டார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

செல்வியும் மாமியும் மட்டும் அந்தக் குரூப்பில் ஒன்றுமே எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவர் போனைப் பார்ப்பார், மற்றவர் சாவியைத் தேடுவார். ஊரிலிருந்து வாழை இலை வந்தால் செல்வி முதல் கட்டை மாமி வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். பெருமாளுக்கு அமுது படைக்க நல்ல இலை வேண்டும் என்பதற்காக. அந்த வாரம் இலைக்கட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. வாங்கிக்கொள்ளவே கஷ்டமாக இருந்தது.

இந்தச் சண்டையைச் சட்டை செய்யாதவள் ஒருத்திதான். யாழினி. இருமல் நின்றதுமே ஞாயிற்றுக்கிழமை காலை விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டாள். மாமியும் கதவைத் திறந்துவிட்டார். செல்வியோடு பேச்சு இல்லை என்பதற்காக யாழினிக்குப் புளியோதரை இல்லை என்று ஆகிவிடுமா?

கொஞ்ச நேரத்தில் தடதடவென்று இறங்கி நேராக என் சமையலறைக்கு வந்தாள். வாயோரத்தில் புளியோதரை. கண் இரண்டும் பளபளவென்று இருந்தது.

"ஆன்ட்டி, ஒரு சீக்ரெட். மாமி வீட்டுப் பெருமாள் தண்ணில குட்டிக் குட்டி மீன் இருக்கு!"

"மீனா?"

"ஆமா ஆன்ட்டி! தலைகீழா தொங்குது. அண்டாவைத் தட்டினா நெளிஞ்சு நெளிஞ்சு உள்ள ஓடுது. அப்புறம் மெதுவா மேல வருது!"

சாம்பார் கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

மாமி வீட்டில் பெருமாளாகக் கும்பிடும் சாளக்கிராமக் கல் உண்டு. தினமும் திருமஞ்சனம். அந்த அபிஷேகத்துக்குக் காவேரித் தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கிடையாது. மாமிக்கும் மாமாவுக்கும் ஆபீஸ் இருப்பதால் தினமும் ஆற்றுக்குப் போக முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாமா ஸ்கூட்டரில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் கேன்களில் பிடித்து வருவார். அதைச் சமையலறை பால்கனியில் ஒரு பித்தளை அண்டாவில் ஊற்றி வைப்பார்கள். வாரம் முழுக்க விடியாத இருட்டிலேயே அதிலிருந்து செம்பில் மொண்டு, துணியில் வடிகட்டித் திருமஞ்சனம் நடக்கும்.

இதில் ஒரு விஷயம் உண்டு. அந்த அண்டா ஒருநாளும் காலியாகாது. பெருமாளுக்கென்று எடுத்து வைத்த தீர்த்தத்தைக் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். எனவே மிச்சம் இருக்கும் தண்ணீர்மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றுவார்கள். அண்டாவின் வாய் ஒரு பக்கம் நெளிந்தது வேறு. மூடுகிற தட்டு அந்த ஓரத்தில் சரியாக உட்காராது. கொசுப்புழு இருக்கிறதா என்று வாராவாரம் பார்க்க வருகிற பெண்களுக்கு மாமி மொட்டைமாடித் தொட்டி, ஃப்ரிட்ஜ் அடித்தட்டு, பூந்தொட்டி எல்லாவற்றையும் காட்டுவார். அந்த அண்டாவை மட்டும் காட்டியதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை... மடியாக வைத்த பெருமாள் தண்ணீர், அதை ஏன் ஒருவரைத் தொடவிட வேண்டும் என்றுதான். அதில் கொசு வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கோயில் யானைக்குச் சளி பிடிக்கும் என்று நமக்குத் தோன்றுகிறதா? அது மாதிரி.

மாடி ஏறும்போது எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "மாமி... யாழினி ஏதோ மீன்னு சொல்றா..." என்று இழுத்தேன்.

"மீனாவது! குழந்தை எதையோ பார்த்துட்டு உளர்றது" என்று சிரித்தபடியே பால்கனிக்குப் போனார். மழை இருட்டு. நான் போனில் டார்ச் அடித்தேன். தட்டை எடுத்தார்.

தண்ணீர்மட்டத்தில் சின்னச் சின்னக் கோடுகளாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவை, வெளிச்சம் பட்டதும் சரசரவென்று உள்ளே இறங்கின.

மாமியின் கையிலிருந்து தட்டு நழுவி 'டங்' என்று விழுந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெருமாள் தீர்த்தத்துலயா..." என்றார். பிறகு மெல்ல என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. "அப்போ... ஸ்ரீனியைக் கடிச்ச கொசு எங்காத்துக் கொசுதானா? நான்தான் வளர்த்தேனா? தெருவெல்லாம் புகை போடச் சொன்னேனே... அந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டற வரைக்கும் போடச் சொன்னேனே..."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகைதான் வந்தது. பிள்ளையைக் காப்பாற்ற ஊர் முழுக்கக் கொசுவைத் தேடிய அம்மாவுக்கு இப்படி ஒரு இடத்தில் அது அகப்பட்டிருக்க வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செல்வி. "யாழினி இங்க வந்தாளா அக்கா?" என்று என்னிடம்தான் கேட்டாள். அப்புறம் மாமி இருந்த இருப்பைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். டார்ச் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு வாரமாக அடக்கி வைத்திருப்பவள். இப்போது ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — சொன்னால் போதும், மாமி உடைந்துபோய்விடுவார். சொல்ல அவளுக்கு உரிமையும் இருந்தது.

செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மாமிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எதுக்கு மாமி அழுறீங்க? ஸ்ரீனியக் கடிச்ச கொசு என்ன ஆதார் கார்டோடயா வந்துச்சு, இந்த வீட்டுக் கொசுன்னு சொல்றதுக்கு? அவன் ஸ்கூலுக்குப் போறான், ட்யூஷனுக்குப் போறான், கிரவுண்டுக்குப் போறான்... எங்க கடிச்சுதோ யாருக்குத் தெரியும்? இதப் போயி மனசுல வெச்சுக்கிட்டு... எந்திரிங்க மாமி."

"நீ என்னைத் திட்டுடி" என்றார் மாமி.

"திட்டுறதுக்கு ஆளா இல்ல? மொதல்ல தண்ணிய மாத்துவோம்."

எனக்குச் செல்வியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நியாயம் தன் பக்கம் வந்து நிற்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வராது. நிச்சயம் வராது.

தண்ணீரை மாற்றலாம் சரி... எங்கே கொட்டுவது? அதில் ஒரு சிக்கல் வந்தது. சிங்க் கூடாது. பாத்ரூம் கூடவே கூடாது. "கால் படற எடத்துல கொட்டப்படாது" என்று மாமி மறுபடியும் கலங்கினார். புழுவோடு திரும்பக் காவேரியில் விடுவதும் சரியில்லை. நாங்கள் மூவரும் அண்டாவைச் சுற்றி நின்று யோசித்தோம்.

"எங்க வாழைக்குக் கொட்டுங்க மாமி" என்றாள் செல்வி. "அங்க யாரு காலு படப்போகுது?"

எங்கள் அபார்ட்மென்ட்டின் பின்பக்கம், காம்பவுண்டு சுவரோரம் செல்வி ஒரு வாழைக்கன்று வைத்திருந்தாள். முசிறியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. இப்போது ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்து நிற்கிறது. மழைக்கு ஒதுங்கிய இடம் என்பதால் மண் ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடும், தண்ணீர் தேங்காது.

ஆளுக்கொரு வாளியாக இறக்கினோம். மூன்று பேரும் மாற்றி மாற்றி வாழையைச் சுற்றி ஊற்றினோம். மண் குடித்துக்கொண்டே இருந்தது. புழுக்கள் ஈர மண்ணில் கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்கின. அண்டாவின் உள்சுவரில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று புளியும் தேங்காய் நாரும் போட்டு மாமி தேய்த்த தேய்ப்பில் பித்தளை பொன்னாக மின்னியது. மாமா அன்றைக்குப் புதிதாகக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுவதுபோல வெள்ளைத் துணியால் வேடு கட்டினார் மாமி. நெளிந்த ஓரமெல்லாம் துணிக்குள் அடங்கிவிட்டது.

இதில் மனம் வருந்திய ஜீவன் ஒன்றே ஒன்று.

"என் மீனெல்லாம் எங்க?" என்று வந்து நின்றாள் யாழினி.

மாமிதான் பதில் சொன்னார். "அதெல்லாம் பெரிசானா பறந்து வந்து கடிக்கிற மீன்டி கண்ணு. நமக்கு வேண்டாம்."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அண்டா காலி. மிச்சத் தண்ணீர் வாழைக்கு. அந்த வாழை இலை பெருமாளுக்கு. முசிறி இலைக்கட்டும் மறுபடி மாமி வீட்டுக்கே போகிறது. எனக்கு வந்தது ஒரே ஒரு வாரம்தான்... போனால் போகட்டும்!

இனிமேல் புகையே வேண்டாம் என்று ஆகிவிட்டதா? இல்லை. பக்கத்துத் தெருவில் காய்ச்சல் என்றார்கள். அதனால் போன வாரம் மெஷின் வந்தது. வரும் நாளை மாமியே முன்கூட்டிக் கேட்டு வாங்கி, குரூப்பில் போட்டுவிட்டு, செல்விக்குத் தனியாக போனும் செய்தார். செல்வி கடையில் பர்மிஷன் போட்டு சீக்கிரமே வந்துவிட்டாள்.

"கீழ உங்காத்துல கதவிடுக்கு நிறைய. மேல அழைச்சுண்டு வா" என்றார் மாமி.

மாமி வீட்டில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான். பெருமாள் அறை. குளித்து மடியாக இல்லாமல் மாமியே அதற்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. செல்வி வாசற்படியிலேயே தயங்கினாள்.

"ஸ்கூல்ல இருந்து அப்படியே கூட்டியாந்துட்டேன் மாமி... குளிக்கக்கூட இல்ல..."

"குழந்தை நன்னா மூச்சு விட்டாப் போறும். பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார். உள்ள போ."

விளக்கு மட்டும் சின்னதாக எரிந்தது. ஊதுபத்தியை மாமி ஏற்றவில்லை. கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைத்தார். உள்ளே யாழினி, செல்வி, மாமி, நான். ஸ்ரீனி பாம்பு-ஏணி அட்டையை எடுத்துவந்து விரித்தான்.

வெளியே 'டுர்ர்ர்ர்...' ஆரம்பித்தது. என் வீட்டுக்காரரின் குரலும் கேட்டது. மனிதர் வழக்கம்போலத் தெருவில்தான் இருந்தார். ஆனால் இந்தத் தடவை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, "உள்ள போங்கடா... ஜன்னலைச் சாத்துங்கம்மா..." என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார். பனியன் மட்டும் அதே பனியன்.

"ஆன்ட்டி" என்று கிசுகிசுத்தாள் யாழினி. "இப்ப நாம ஒளிஞ்சிருக்கோமா?"

"ஆமாடா."

"யாரு நம்மளைக் கண்டுபிடிக்கணும்?"

"புகை."

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் சிரித்தாள். மெஷின் வீட்டுக்குக் கீழே வந்தது. நின்றது. கடந்துபோனது. செல்வியின் ஒரு கை குழந்தையின் முதுகிலேயே இருந்தது. அவளுடைய இன்னொரு கையை மாமி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் ஓய்ந்து, வாடை போகட்டும் என்று இன்னும் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தோம். பாம்பு-ஏணியில் ஸ்ரீனி வேண்டுமென்றே இரண்டு தடவை தோற்றான். பிறகு மாமி கதவைத் திறந்தார்.

செல்வி குழந்தையைத் திருப்பி நிறுத்தி முதுகில் காதை வைத்தாள். நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. அவள் நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியும் குனிந்தார். மடியாவது ஒன்றாவது... ஸ்கூல் யூனிஃபார்ம் முதுகில் கன்னத்தைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலைடி செல்வி" என்றார். கண்ணில் தண்ணீர். "ஒண்ணுமே கேக்கலை."

யாழினி திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, புகை என்னைக் கண்டுபிடிக்கல. நான் ஜெயிச்சிட்டேன்!"

ஆமாம்டி என் கண்ணே... இந்தத் தடவை நிஜமாகவே.